முற்றத்துக் கண்ணாடிச் சுவர்: ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு

தண்டையார்பேட்டையில் வீடு கட்டும் நண்பர் ஒருவர், கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே செங்கல் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டார். சென்ற மாதம்தான் எங்கள் காசிமேட்டு வீட்டில் அதே இடத்தில் உடைந்த கண்ணாடிப் பலகையை மாற்றினோம்.

எங்கள் வீடு 14 அடி அகலம், 55 அடி நீளம். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள். முன்பெல்லாம் நண்பகலிலும் கூடத்தில் டியூப்லைட் எரியும். 12 மி.மீ. டஃபண்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடிப் பலகைகள் மூன்றை நிறுத்திய பிறகு, அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்குத் தெருவாசல் வரை பார்வை போகிறது; மீன்காரம்மா கூடையை இறக்குவதற்குள் அம்மா சட்டியோடு எழுந்துவிடுகிறார். மழைநாளில் கூடத்துக்குள்ளேயே மழை பெய்வது போலிருக்கும், ஆனால் பாய் நனையாது. அந்த மகிழ்ச்சி இன்றுவரை குறையவில்லை.

தீராத தொல்லை உப்பு. கடற்காற்று வீசும் நாள்களில் காலையில் துடைத்த கண்ணாடி மாலைக்குள் மங்கிவிடும். முற்றத்துத் துளசிமாடம் புகைக்கு அப்பால் இருப்பதுபோல் தெரியும். முதல் ஆண்டில் செய்தித்தாளால் உலரத் தேய்த்தோம். உப்போடு ஒட்டியிருந்த மணல்தூசி போட்ட கீறல்கள் காலை வெயிலில் இன்றும் தெரிகின்றன. போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. ஆகவே மெட்ரோ வாட்டரில் ஒரு குடம் கண்ணாடிக்கென்று போய்விடுகிறது. தண்ணீருக்காகக் குடங்களோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

உடைந்தது நள்ளிரவில், யாரும் தொடவில்லை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த கண்ணாடியின் உட்பகுதி எப்போதும் இழுவிசையில் இருக்கும். அங்கே நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று சிக்கியிருந்தால், அது மெல்லப் பருத்துப் பல ஆண்டுகள் கழித்தும் பலகையைச் சிதறடிக்கலாம். அத்தகைய பலகைகளைத் தொழிற்சாலையிலேயே மீண்டும் சூடாக்கி உடையவிட்டுக் கழிக்கும் சோதனை உண்டு. எங்களுக்கு விற்றவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை என்பதுதான் என் கோபம். டஃபண்ட் கண்ணாடியைப் பின்னர் வெட்ட முடியாது. அளவெடுத்துச் செய்து வரப் பன்னிரண்டு நாள்கள் முற்றம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. கற்கண்டு போன்ற சில்லுகள் இன்னும் ஆட்டுக்கல்லின் அடியில் கிடைக்கின்றன. இம்முறை லேமினேட்டட், அதாவது நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி, போட்டிருக்கிறோம். உடைந்தாலும் அந்தப் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும்.

வடிவமைப்பாளர் எங்களுக்கு முதலில் காட்டியது, கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1951இல் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் என்ற கண்ணாடி வீட்டின் படம். அதில் குடியிருந்த எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வெப்பத்தையும் மறைவின்மையையும் பற்றி எவ்வளவு குறைப்பட்டார் என்பதை வடிவமைப்பாளர் சொல்லவில்லை. அது ஆற்றோரத்தில் மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடு. நம்முடையது கடலோரச் சந்து.

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மாடியில் இன்னோர் அறைக்கு இதே கண்ணாடியை நேற்று நான் அளவெடுக்கச் சொல்லியிருப்பது உண்மைதான். ஆயினும் அவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.