நிக்கான் பி1000: பறவையைத் தள்ளி நின்று பார்க்க நினைப்பவர்களுக்கு

இந்தக் கேமராவைப் பற்றிய விமர்சனங்கள் பலவும் நிலாவில் ஆரம்பித்து நிலாவிலேயே முடிந்துவிடுகின்றன. 125 மடங்கு ஜூம் என்றால் யாருக்கும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கத் தோன்றும், சரி. நான் இதை வைத்திருப்பது பறவைகளுக்காக, அதுவும் ஊருக்குள் இருக்கிற பூங்காக்களிலும் கடலோரச் சேற்றிலும் வந்து இறங்குகிற பறவைகளுக்காக, அதனால் அந்த வேலைக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

2018இல் வந்த கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது, 24 மி.மீ.யிலிருந்து 3000 மி.மீ. வரைக்கும் ஒரே லென்ஸ்தான். 3000 என்பது முழுச்சட்டக் கேமரா (பெரிய சென்சார் உள்ள, லென்ஸ் மாற்றுகிற கேமரா) கணக்கில் சொல்கிற எண். நிஜத்தில் லென்ஸின் குவியத் தூரம் அதிகபட்சம் 539 மி.மீ., ஒளியைப் படமாக்குகிற சென்சார் மிகச் சிறியது என்பதால் அந்த அளவுக்குக் கிட்டத்தில் தெரிகிறது. இதன் பலம், பலவீனம் இரண்டுமே அந்தச் சின்னச் சென்சாரிலிருந்துதான் வருகின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம். உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி கரைப்பறவைகள் நீர் வற்றுகிற சில மணி நேரத்தில்தான் சேற்றைக் கிளறி வயிற்றை நிரப்ப முடியும், நீர் ஏறியதும் மிச்சம் இருக்கிற கரையில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். வலசைக் காலத்தில் படம் எடுக்கிறேன் என்று ஒருவர் பத்தடி முன்னால் போனால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடுகிறது, அது தின்ற தீனியின் ஒரு பங்கு அந்த ஒரு பறத்தலிலேயே கரைந்துபோகிறது. அந்தப் பத்தடியைப் போகவேண்டிய தேவையை இந்தக் கேமரா இல்லாமல் செய்துவிடுகிறது. கல்திருப்பி உள்ளான் பாசியைப் புரட்டிப்போடுவதை அது நம்மைக் கண்டுகொள்ளாத தூரத்திலிருந்தே பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்கள் காலில் மாட்டிவிட்ட வண்ணக் கொடியில் எழுத்து இருந்தால் பல சமயம் அதையும் படித்துவிடலாம், அந்தக் குறியீட்டை உரியவர்களுக்கு அனுப்பினால் பறவைக்குக் கொடி எங்கே மாட்டப்பட்டது, அது எங்கெல்லாம் தென்பட்டது என்ற விவரம் சேர்கிறது. பைனாகுலரில் இது பெரும்பாலும் நடக்காது. 45 மெகாபிக்சல் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டி எடுத்த படத்தை 3000க்கு இணையாக வெட்டினால் மிஞ்சுவது 1.8 மெகாபிக்சல்தான், 600 மி.மீ.யில் நிறைய ஒளியை உள்ளே விடுகிற எஃப்/4 லென்ஸ் என்றால் அது மட்டுமே 3 கிலோவைத் தொடும். இது மொத்தமாகவே 1.4 கிலோ.

ஆனால் அழகான படம் வேண்டும், இறகு இறகாகத் தெரியவேண்டும் என்றால் இது அதற்கான கருவி அல்ல. 16 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் முழு ஜூமில் லென்ஸில் ஒளி நுழைகிற துளை எஃப்/8க்கு மேல் (எண் கூடினால் துளை சிறியது) திறக்காது, அந்தத் துளையில் ஒரு புள்ளி ஒளி ஒரு பிக்சலில் அடங்காமல் பல பிக்சல்களில் பரவிவிடுகிறது. அது இயற்பியல், எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. பூங்காவில் அடர்ந்த மரத்துக்குள் வக்கா உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள், அந்த இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, ஏற்றவேண்டும், ஏற்றினால் இறகெல்லாம் குழம்பிவிடும். அங்கே ஜூமைக் குறைத்து, துளை அகலத் திறக்கிற இடத்தில் எடுப்பதுதான் நல்லது. பறக்கிற பறவைக்கும் இது தோதுப்படாது. வினாடிக்கு 7 படம் எடுக்கும், 7 படத்தோடு நின்றுவிடும், எழுதி முடிக்கிறவரை காத்திருக்கவேண்டும், அதற்குள் ஆலா தண்ணீரில் குதித்து மீனோடு எழுந்து போயிருக்கும்.

கடலோரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதற்குக் கேமரா பொறுப்பல்ல. வெயில் ஏறியதும் மணலுக்கும் சேற்றுக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். தூரம் கூடக்கூட நெளிவும் கூடும், முக்காலியில் வைத்தாலும் படம் கசங்கித்தான் வரும். அதிகாலை, இல்லையென்றால் மேகம் மூடிய நாள். நீர் ஏறுகிற நேரத்துக்கு முன்பே போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் பறவைகள் தாமாகவே நம் பக்கம் தள்ளப்பட்டு வரும், அப்போது பாதி ஜூமே போதும், நெளிவும் தொந்தரவு செய்யாது. ஆனால் அவை ஓய்வெடுக்கிற இடத்திலேயே போய் உட்காரக் கூடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் பழகவேண்டியது லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிற சின்னப் பொத்தான். 3000இல் பார்வை வட்டம் அவ்வளவு குறுகல், பறவை ஒரு தத்து தத்தினால் சட்டத்தை விட்டுக் காணாமல் போகும். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், பறவையை நடுவில் கொண்டுவந்து கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். இதைப் போட்ட வடிவமைப்பாளர் நிச்சயம் வெளியில் போய்ப் பறவை பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். மேல் சக்கரத்தில் பறவைக்கென்றே ஒரு மோடும் இருக்கிறது, ஆரம்பத்துக்கு அது போதும். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்படம்), ஷட்டர் வேகம் என்று நாமே பார்க்க ஆரம்பித்தபின் அதை விட்டுவிடலாம்.

நிக்கானின் இதே வகைச் சின்னக் கேமராவான பி950 எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 2000 மி.மீ. வரை போகும், எடை ஒரு கிலோதான். பூங்காவே பிரதானம், நடப்பது அதிகம் என்றால் தயங்காமல் அதை எடுங்கள். அகன்ற சேற்றுவெளி, ஏரி, கழிமுகம் என்று போகிறவர்களுக்குத்தான் பி1000. 2025இல் வந்த பி1100இலும் லென்ஸ் இதேதான், யூஎஸ்பி-சி வந்திருக்கிறது, கையில் பி1000 இருப்பவர்கள் மாற்றவேண்டியதில்லை. எதை வாங்கினாலும் கூடவே இன்னொரு பேட்டரி வாங்கிவிடுங்கள், பி1000க்கு ஒரு சார்ஜுக்குக் கணக்கே சுமார் 250 படம்தான், ஜூம் மோட்டாரை ஓயாமல் ஓட்டினால் அதுவும் வராது.