கொச்சியில் படகு வச்சிருக்கற கோவைக்காரங்க கவனத்துக்கு: பட்டறையில் செய்யற சுருட்டுப் பாய் வேண்டாம்

கொச்சியில் 24 முதல் 30 அடி வரைக்கும் பாய்மரப் படகு வச்சுக்கிட்டு, பொழப்புக்கு கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் இருக்கறவங்களுக்காக இந்தப் பதிவு. கோவையில் ஒரு பட்டறை, படகோட முக்கியப் பாயான மெயின்சேலை, மாஸ்டுக்கு (பாய் ஏத்தற மரம்) பின்னால் நிக்கற குழாயில் சுருட்டற அமைப்பை இறக்குமதி விலையில் மூணில் ஒரு பங்குக்குச் செஞ்சு தர்றதாச் சொல்லிக்கிட்டிருக்கு. "காக்பிட்ல உக்காந்தே இழுத்துக்கலாமுங்க, எல்லாம் 316 தானுங்க"ன்னு சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கறாங்க. 316-ங்கறது உப்புக்காற்றைத் தாங்கற எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கிரேடு. எங்க கூட்டுப் படகுக்கும் அப்படித்தான் வந்தது. படகு 26 அடி, மெயின்சேல் 17 சதுர மீட்டர். கொடுத்த பணம் திரும்பல, இருந்த நல்ல பாயும் போச்சு.

வந்த பொருள் இதுதான்: 38 மி.மீ. எஸ்எஸ் குழாய், சுவர் கனம் 1.5 மி.மீ., நீளம் 9 மீட்டர். பாயின் ஓரக்கயிறு நுழையறதுக்காக மேலிருந்து கீழ் வரை லேசர்ல ஒரு பிளவு வெட்டியிருக்காங்க. கோளாறெல்லாம் இந்தப் பிளவுலதான் ஆரம்பம். மூடின குழாயை நெடுக வெட்டித் திறந்துட்டா, முறுக்கைத் தாங்கற விறைப்பு அடியோட போயிரும். இந்த அளவுக் குழாய்க்குக் கணக்குப் போட்டா மிச்சம் இருக்கறது சுமார் 440-ல் ஒரு பங்கு. கீழே டிரம்மைச் சுத்தினா கீழ்ப்பாதி சுருளும், மேல்பாதி அசையாம நிக்கும். பாய்க்குன்னே எக்ஸ்ட்ரூஷன் முறையில் (அச்சு வழியாத் தள்ளி) செய்யற அலுமினியம் ஃபாயில்ல, அதாவது பாய் சுருளற குழல்ல, பள்ளம் தனியா ஒரு பக்கம் இருக்கும், நடுக்கூடு மூடியே இருக்கும். அந்த வித்தியாசம் தெரியாம ஒருத்தர் இதைச் செய்யறார்னா, அவர் செஞ்சது டிராயிங் இல்லாத வேலைன்னு அர்த்தம். போதாததுக்குப் பிளவோட விளிம்பைப் பிசிறு எடுக்காம விட்டதால ஓரக்கயிறும் அறுபட்டுது.

ஆபத்து என்னன்னா, பாதி சுருண்டு நின்ன பாயை இறக்கவும் முடியாது. சுத்தின அடுக்கு ஓரக்கயிற்றை இறுக்கிப் பிடிச்சிருக்கும், ஹாலியார்டை (பாயை ஏத்தி இறக்கற கயிறு) அவுத்து விட்டாலும் இறங்காது. சாதாரணப் பாய்னா காற்று ஏறினதும் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி ஹாலியார்டை விட்டா சரசரன்னு பூம் (பாயோட அடிக்கம்பம்) மேல விழுந்துரும். தென்மேற்குப் பருவத்துக்கு முன்னால கொச்சி முகத்துவாரத்துக்கு வெளியே வர்ற புயல்மழைக் காற்றில் இந்த ஒரு வசதிதான் படகைக் காப்பாத்தும்.

எடையும் பார்க்கணும். அந்தக் குழாய் மட்டும் 12 கிலோ. அதே அளவு அலுமினியம்னா 4 கிலோ சொச்சம். இத்தனையும் டெக்குக்கு மேல நாலஞ்சு மீட்டர் உயரத்தில் தொங்குது, சின்னப் படகு கூடுதலாச் சாயும். குழாயில் சுருட்டறதுக்காகப் பாயோட பேட்டன்களை (பாயை விறைப்பா வைக்கற பட்டைகள்) உருவி, பின்விளிம்பு வளைவையும் வெட்டிட்டாங்க. மிஞ்சினது 14 சதுர மீட்டருக்கும் கம்மி. இதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி உலோகம். பஃபிங் போட்ட எஸ்எஸ் எல்லாம் கண்ணுக்கு ஒண்ணுதான், காந்தம் வச்சாலும் 304-க்கும் 316-க்கும் வித்தியாசம் தெரியாது. வெல்டிங் ஓரத்தில் துரு கோடு கோடா வந்த பிறகு ஒரு துண்டை வெட்டி ஸ்பெக்ட்ரோ (உலோகக் கலவைச் சோதனை) பார்த்ததில் வந்தது 202 கிரேடு. 316-ன்னா மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம், நிக்கல் 10-க்கு மேல காட்டணும். 202-ல் நிக்கல் 4 முதல் 6, மாங்கனீஸ் 7.5 முதல் 10. வீட்டுக் கைப்பிடிக்கு அது போதும், உப்புக்காற்றுக்கு ஆகாது. நம்ம ஊர்ல பவுண்டரிக்கா பஞ்சம்? மீதிப் பணம் தர்றதுக்கு முந்தி ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு வாங்கி அங்க கொடுத்து சோதிச்சுப் பாருங்க. துண்டு தர மாட்டேன்னா பதில் அதிலேயே இருக்கு.

மேல் ஸ்விவல்ல (ஹாலியார்டு முறுக்காம பாய் மட்டும் சுத்த வைக்கற இணைப்பு) போட்டிருந்தது மில் மெஷினுக்குப் போடற குரோம் ஸ்டீல் பேரிங், இசட்இசட் வகை. அந்தத் தகரமூடி தூசிக்குத்தான், தண்ணிக்கு இல்லை. உப்பு உள்ள போய் இறுகினதும் ஸ்விவல் சுத்தாம ஹாலியார்டே குழாயோட சேர்ந்து சுருண்டுக்கிச்சு. ஸ்லைடுகளை (பாயைப் பிடிச்சுத் தடத்தில் ஓடற சின்னத் துண்டுகள்) காஸ்ட் நைலான்ல கடைஞ்சிருந்தாங்க. நைலான் ஈரம் குடிச்சு 2, 3 சதவீதம் உப்பும். 10 மி.மீ. ஸ்லைடுல அது கால் மில்லி. பட்டறையில் வழுக்கிக்கிட்டு ஓடினது படகுல சிக்கி நிக்கறது இதனாலதான். அசிட்டால், அதாவது டெல்ரின்னு எழுதிக் கேளுங்க.

30 அடிக்குள்ள இருக்கற படகுக்கு என் தேர்வு: ஸ்லைடு போட்ட பாய், ரெண்டு ஸ்லாப் ரீஃப் (காற்று ஏறினா பாயைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிச் சின்னதாக்கற முறை), லேஸி ஜாக் (இறங்கற பாயைப் பூம் மேல பிடிச்சு வைக்கற கயிறுகள்). ஹாலியார்டும் ரீஃப் கயிறும் 8 மி.மீ. பாலியஸ்டர், லேஸி ஜாக் 5 மி.மீ. ஜாக்கை மாஸ்டில் மூணில் ரெண்டு பங்கு உயரத்தில் கட்டி, பக்கத்துக்கு மூணு கால் விடுங்க. பாய் ஏத்தும்போது பேட்டன் முனை மாட்டும், அதனால ஜாக்கை மாஸ்ட் பக்கம் இழுத்துக் கட்ட ஒரு கொக்கி அவசியம். ரீஃப் எடுக்க ஷீட் (பூமை உள்ளே வெளியே விடற கயிறு), கிக்கர் (பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கற கயிறு) ரெண்டையும் தளர்த்தி, ஹாலியார்டைக் குறி வரைக்கும் இறக்கி, முன்மூலையைக் கொக்கியில் மாட்டி, ஹாலியார்டை இறுக்கின பிறகுதான் பின்மூலைக் கயிறு. இந்த வரிசை மாறினா பாய் கிழியலாம். சுருட்டுப் பாய்தான் வேணும்னா பெயர் பெற்ற கம்பெனி அமைப்பையே வாங்குங்க, கூடவே அதுக்குன்னு வெட்டின புதுப் பாயும்.

இறக்கின பாயை மூடி வைக்கற பூம் பை தைக்க கரூர்ல ஆள் இருக்காங்க, வேலை சுத்தம். ஆனா லாரி தார்ப்பாய்த் துணி வேண்டாம், உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அக்ரிலிக் கேன்வாஸ், வெயில் தாங்கற பாலியஸ்டர் நூல், பிளாஸ்டிக் ஜிப், அடியில் தண்ணி வடிய இடைவெளி.

பட்டறையில் எது செஞ்சாலும் ஜிஎஸ்டி பில்லில் கிரேடு எண், பேரிங் வகை, ஃபாயில் குறுக்குவெட்டு மூணும் எழுதி வாங்குங்க. எங்க பில்லில் "எஸ்எஸ் ஃபிட்டிங்ஸ் 1 செட்" மட்டும்தான், அதைக் காட்டித்தான் இப்போ கை விரிக்கறாங்க. ஏற்கெனவே மாட்டினவங்க ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட், அட்வான்ஸ் அனுப்பின பேங்க் பதிவு, 316-ன்னு அவங்க சொன்ன வாட்ஸ்அப் செய்தி எல்லாத்தையும் அழிக்காம வச்சிருங்க. சொந்த உபயோகப் படகுன்னா நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம், பிரச்னை எழுந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள. அதுவரைக்கும் குழாயைக் கழட்டி வச்சுட்டு, பழைய ஸ்லைடு பாய் இருந்தா அதையே ஏத்துங்க.