உள்துறைமுக வீதித் தேநீர்க் கடையில் அட்மிரல் பியட்

திருகோணமலை உள்துறைமுக வீதியிலுள்ள சிறிய தேநீர்க் கடையொன்று, சனிக்கிழமை மாலைகளில் தன் பின்பக்க மேசையை ஸ்டார் வோர்ஸ் என்ற விண்வெளித் திரைப்படத் தொடரின் இரசிகர்களுக்கு ஒதுக்கித் தருகிறது. இஞ்சி போட்ட பிளேன்ரீ மிக நன்று; மீன் ரோல்ஸைச் சூடாக இருந்தால் மட்டும் வாங்கலாம். ஆயினும் அங்கே போகத் தூண்டுவது பேச்சுத்தான்.

கடந்த வாரப் பேச்சு முழுவதும் அத்தொடரில் வரும் பேரரசின் விண்படை அதிகாரி அட்மிரல் பியட்டைப் பற்றியது. 1980, 1983 ஆம் ஆண்டுப் படங்களில் கெனத் கோலி நடித்த இச்சிறு பாத்திரம், கிளர்ச்சியாளர்கள் ஒளிந்திருக்கும் ஹொத் கிரகத்திலிருந்து கிடைத்த தடயத்தை மேலதிகாரி ஓசல் அலட்சியம் செய்தபோதும் அதை வலியுறுத்தத் தயங்காதவர். பின்னர் பேரரசின் கொடிய தலைவர்களில் ஒருவரான டார்த் வேடரின் மாய சக்தியால் ஓசல் மூச்சுத் திணறிச் சாகும் அதே வேளையில், பக்கத்தில் நின்றபடியே பதவியுயர்வு பெறுபவர். கிளர்ச்சியாளர்களின் மில்லேனியம் ஃபல்கன் விண்கலம் தப்பிய பின், வேடர் ஒரு சொல்லும் பேசாமல் பியட்டைக் கடந்து செல்லும் காட்சியைக் கடைக்காரர் தொலைக்காட்சியில் நிறுத்திக் காட்டினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், "பிழை நடந்த பிறகு பெரியவருக்கு முன்னால் நிற்கிற முகம் இதுதான், தம்பி" என்றார். சில நிமிடங்களே தோன்றும் ஓர் அதிகாரியை இவ்வளவு கரிசனையோடு அலசும் இடம் இந்நகரில் வேறு இருப்பதாக நான் அறியேன்.

கதிரைகள் குறைவு என்பதால் ஐந்து மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.