திருச்சிக்கு மூன்று பயணம், ஒரு கடைவாய்ப் பல்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்படியே பல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் 12 நாள் விடுப்பு போட்டேன். மேல் வரிசையில் வலது கடைவாய்ப் பல்லைச் சிங்கப்பூரில் பிடுங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. தாடை எலும்பில் உலோகத் திருகை வேர்போல் வைத்து அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளாண்டுக்கு அங்கே கேட்ட தொகையில், மெடிசேவ் என்ற சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பது போக மீதியே கையைக் கடித்தது. திருச்சிக்கோ நேர் விமானம், நாலு மணி நேரம்.

முதலில் போன கிளினிக்கில் வாய் முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணு நாள்ல பல்லோட கிளம்பிடலாம் சார்" என்று முன்பணம் கேட்டார்கள். எலும்பு போதுமா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. அக்கா வீட்டுக்காரர்தான், "மாப்ள, இன்னொரு எடத்துலயும் காட்டிருவோம்" என்று தில்லைநகருக்கு வண்டியைத் திருப்பினார்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "ரிட்டர்ன் டிக்கெட் எப்போ?"

சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். ஓபிஜி தட்டையான படம், எலும்பின் அகலத்தைக் காட்டாது. சிபிசிடியில் தாடையைத் துண்டு துண்டாக நறுக்கியது போல எல்லாப் பக்கமும் பார்க்கலாம். பல் இருந்த இடத்தில், மேல் தாடைக்கு மேலே காற்று நிரம்பிய சைனஸ் அறைக்குக் கீழே எனக்கு மிச்சம் இருந்த எலும்பு 4 மில்லிமீட்டர். வைக்கப்போகும் திருகின் நீளம் 10 மில்லிமீட்டர். அப்படியே வைத்தால் திருகுக்குப் பிடிமானம் கிடைக்காது, சைனஸுக்குள்ளேயே போய்விடவும் கூடும் என்றார்.

இதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. மெல்லும்போது பல்லின் வேர் கொடுக்கும் அழுத்தம்தான் தாடை எலும்பை உயிரோடு வைத்திருக்கிறது. பல் போனால் எலும்பும் கரைய ஆரம்பிக்கிறது. முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம். மேல் தாடையில் சைனஸும் கீழே இறங்கிவரும். பிடுங்கிய அன்றே அந்தக் குழியில் எலும்புத் தூளை நிரப்பியிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டேன். அன்று எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்பதில் இன்னும் வருத்தம் உண்டு.

சரி, என்ன செய்வது? கன்னப் பக்கத்து எலும்பில் சின்ன ஜன்னல் போல் திறந்து, சைனஸின் சவ்வை மெதுவாக மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் திருகு. அது எலும்போடு ஒட்ட இன்னும் நாலு மாதம். அதற்கப்புறம்தான் மேலே பல்லாக வைக்கும் கேப். டைட்டானியத்தோடு எலும்பு இறுகச் சேர்ந்துகொள்ளும் என்பதை 1950களில் ஸ்வீடனில் பிரோனமார்க் கண்டுபிடித்தார். அந்தச் சேர்க்கைக்கு வேண்டிய நாட்களை யாராலும் குறைத்துத் தர முடியாது. மூன்று நாள் பல் என்பதே பொய் என்று சொல்ல மாட்டேன். எலும்பு திடமாக இருப்பவர்கள் சிலருக்குத் திருகு ஒட்டி முடியும் முன்பே பல்லை மாட்டிவிட முடியும். எனக்கு நடக்காது என்பது ஸ்கேனில்தான் உறுதியாகத் தெரிந்தது.

தூளைப் பற்றியும் முன்கூட்டியே பேசினார். அதிகம் பயன்படுவது மாட்டு எலும்பிலிருந்து பதப்படுத்தியது. ஆட்சேபம் இருந்தால் செயற்கைத் தூளும் உண்டு. நம் வீடுகளில் இதைக் கேட்டுச் செய்வது எவ்வளவு முக்கியம்! நான் செயற்கையானதையே கேட்டேன். என் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சுழற்றி, அதில் திரண்டதைத் தூளோடு கலந்தார்கள். அதற்கு முன்பே மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்தாகிவிட்டது. சர்க்கரை ஏறியிருந்தாலோ புகை பிடித்தாலோ எலும்பு சரியாக ஒட்டாது என்றார். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. மறுநாள் கன்னம் வீங்கியது. மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது. இரண்டு வாரம் விமானமும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டதால் டிக்கெட்டைத் தள்ளிப்போட்ட பிறகுதான் கையே வைத்தார். அம்மா குழையக் குழைய ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார்.

ஆடியில் திருகு, கார்த்திகையில் கேப். எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மூன்று டிக்கெட்டையும் கூட்டினாலும் சிங்கப்பூர்ச் செலவில் பாதியைத்தான் தொடும். திருகின் நிறுவனம், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒரு அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். நாளைக்குச் சிங்கப்பூரில் இருக்கும்போது ஏதாவது தளர்ந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் போனபோதே அம்மாவுக்குக் கீழ்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கும் முன்பே, குழியை இன்றைக்கே நிரப்பிவிட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிரப்பித் தையல் போட்டு அனுப்பினார். இம்ப்ளாண்ட் வேண்டுமா என்பதை அம்மா இனி நிதானமாக யோசித்துக்கொள்ளலாம்.