மேகத்துக்குள் தேர்வு: அமெரிக்க விதியா, ஐரோப்பிய விதியா?

வெளிநாட்டில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி, எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பறக்க வேண்டிய மணிநேரத்தைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 40 மணிநேரம் கருவிப் பறத்தல் கேட்கிறது. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு, ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏவில் திறன் அடிப்படையிலான வழியில் போனாலும் அதே 40தான்.

எழுத்துத் தேர்வில்தான் பாதை பிரிகிறது. எஃப்ஏஏவுக்கு ஒரே தாள், 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் போதும். ஈஏஎஸ்ஏவுக்கு வானிலை, ரேடியோ நேவிகேஷன், விமானச் சட்டம் என ஏழு பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம். இதைப் பார்த்து அமெரிக்கத் தேர்வு சுலபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கே பாரம் வாய்மொழித் தேர்வில் இருக்கிறது. ரேடியோ செத்துப் போனால் எந்த வழியில், எந்த உயரத்தில் போவீர்கள்? இறக்கையில் பனி பிடித்தால்? எக்ஸாமினர் எதிரில் உட்கார்ந்து துருவிக் கேட்பார். அதில் தேறாவிட்டால் விமானத்தில் ஏறவே முடியாது.

பறக்கும்போது ஐரோப்பிய அளவுகோல் இறுக்கமானது. உயரத்தில் இரண்டுமே 100 அடி வரை பொறுக்கும். ஹெடிங்கில், அதாவது விமானத்தின் மூக்கு நோக்கும் திசையில், எஃப்ஏஏ 10 டிகிரி விடும், ஈஏஎஸ்ஏ 5. வேகத்திலும் அப்படியே, அங்கே 10 நாட்ஸ் (knots), இங்கே 5. இறுதி அப்ரோச்சில், அதாவது தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்போது, பாதையைக் காட்டும் கருவியின் ஊசி முக்கால் பங்கு விலகும் வரை அமெரிக்கா பொறுக்கும். ஐரோப்பாவில் பாதிதான். ஆனால் அமெரிக்காவில் குறைந்தது மூன்று அப்ரோச் காட்ட வேண்டும், அதில் ஒன்றை முதன்மைக் கருவிகள் செயலிழந்த நிலையில் செய்ய வேண்டும். வேர்த்துவிடும்.

அப்புறம், கைப்பழக்கம். அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே பறப்பவர் உயரமானியில் உள்ளூர் காற்றழுத்தத்தையே வைத்துப் பழகியிருப்பார்; அதற்கு மேலேதான் பொது அளவுக்கு மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் அந்த உயர வரம்பு இடத்துக்கு இடம் மாறும், பல இடங்களில் மிகவும் தாழ்வானது. ஏறும்போது அந்தப் பொது அளவான 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்ற மறந்தால் உயரம் தப்பிவிடும். இதைத் தேர்வுக்கு முந்தைய நாள் படித்துக்கொள்ள முடியாது, கை பழக வேண்டும்.

எடுத்த பிறகு? ஈஏஎஸ்ஏ ரேட்டிங்கை ஆண்டுதோறும் எக்ஸாமினரிடம் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எஃப்ஏஏ ரேட்டிங் காலாவதியாவதில்லை, ஆனால் அதைப் பயன்படுத்த, கடந்த ஆறு மாதத்தில் ஆறு அப்ரோச்சும் ஹோல்டிங்கும் (வானில் வட்டமிட்டுக் காத்திருப்பது) செய்திருக்க வேண்டும்.

என் கருத்து: எங்கே பறக்கப் போகிறீர்களோ அங்கேயே எடுங்கள். 'அமெரிக்காவில் முடித்துவிட்டு ஐரோப்பாவில் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு வேண்டுமானால், விமானத்துக்குப் பொறுப்பான பைலட் இன் கமாண்டாக 50 மணிநேரம் ஐஎஃப்ஆரில், அதாவது கருவிப் பறத்தல் விதிகளின்படி, பறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் பறக்கும் தேர்வு உண்டு, பாட அறிவை எக்ஸாமினரிடம் வாய்மொழியாகவும் காட்ட வேண்டும். எதிர்த்திசை லேசு: ஐரோப்பிய லைசென்ஸின் அடிப்படையில் அமெரிக்கச் சான்றிதழ் பெறுபவர், வெளிநாட்டு விமானிகளுக்கான ஒரு எழுத்துத் தேர்வில் பாஸானால் அந்த ரேட்டிங்கும் சேர்ந்து வரும்.