பைக் மேடை: பிளைவுட்டா, மரப்பலகையா?

பைக்கை ஏற்றிப் பழுதுபார்க்க வீட்டிலேயே மரமேடை செய்பவர்கள், மேற்பரப்புக்கு எதை இடுவது என்று தயங்குகிறார்கள். 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐக் கணக்கில் கொள்வோம்.

உறுதி: 18 மி.மீ. பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் அது எளிதில் பிளக்காது; பலகையோ ஈரக்காற்றில் அகலவாக்கில் விரிந்து, கோடையில் சுருங்கி, இடைவெளி விடும். ஆயினும் எடையைத் தாங்குபவை அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களே. அவற்றை அடிக்கு ஒன்றாக இடுவதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

செலவு: பிளைவுட்டை 8க்கு 4 அடி முழு ஷீட்டாக வாங்க நேரும், பலகை பழைய மரக்கடையிலும் கிடைக்கும்.

பராமரிப்பு: கெட்டுப்போன பலகையை மட்டும் மாற்றலாம், பிளைவுட்டின் விளிம்பில் நீர் புகுந்தால் அடுக்குகள் பிரியும். சைடு ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில் இரண்டுக்குமே இரும்புத் தகடு தேவை.

வண்டியை மேடையிலேயே கழுவுவோருக்குப் பலகை ஏற்றது. உலர்ந்த கொட்டகையில் எஞ்சினைப் பிரிக்கும்போது சிறு திருகுகள் இடுக்கில் விழாதிருக்க, நான் பிளைவுட்டையே தேர்ந்தெடுப்பேன்.