மேக்ரோ மவுஸும் என் கேப்ஸ் லாக்கும்: ஒரு வருடத்துக்கும் மேல் பயன்படுத்திய அனுபவம்

மேக்ரோ மவுஸ், அதாவது எழுதிக் கொடுத்த அசைவுகளைத் தானே செய்யும் மவுஸ், விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா அண்ணா என்று தம்பி ஒருவன் கேட்டான். மவுஸ் ஒரு சாக்கு. அவனுக்கு வேண்டியது அதில் ஓடும் ரீகாயில் ஸ்கிரிப்ட், அதாவது ஆட்டத்தில் சுடும்போது துப்பாக்கி உதறுவதைத் தானே சரிக்கட்டும் நிரல்.

வேலை செய்கிறதா? செய்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஏகே-47 நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும். தோட்டாவுக்கு 100 மில்லிசெகண்ட். துப்பாக்கி உதறும் பேட்டர்னும் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். அதற்கு எதிர்த்திசையில் மவுஸை இழுக்கும்படி லுவா என்ற நிரல் மொழியில் கொஞ்சம் வரிகள் எழுதிவிட்டால், மேலே ஏறிப் பக்கவாட்டில் அலையும் தோட்டாக்கள் சுவரில் ஒரே இடத்தில் குவியும். முதலில் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது. வேலரன்ட் என்ற இன்னொரு ஆட்டத்தில் இந்தப் பருப்பு வேகாது. அங்கே பக்கவாட்டு உதறல் எப்போது திசை மாறும் என்று சொல்ல முடியாது.

சரி, கடுப்பு எங்கே? கையில் எந்தத் துப்பாக்கி என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. எம்4ஏ4 என்ற வேறொரு துப்பாக்கியை எடுத்தால் நிமிடத்துக்கு 666, கணக்கே வேறு. ஸ்னைப்பரை எடுத்துக் குறிவைத்துக் கிளிக்கை விடாமல் பிடித்தால் பார்வை தரைக்குப் போகிறது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு கோப்பை இழுத்தால் கர்சர் தானாகக் கீழே வழுக்குகிறது. அதனால் ஸ்கிரிப்டை அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். என் சின்ன கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் இல்லை, எனவே கேப்ஸ் லாக்: அது போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் ஓடும், எடுத்தால் நிற்கும். அப்புறம் என்ன? ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் சாட்டில் நான் அடிப்பது முழுக்கப் பெரிய எழுத்து. "சாரி" என்று போட்டால்கூட சண்டைக்கு வருவது போல இருக்கிறது. சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவை, தொட்டால் எல்லா எண்களையும் மறுபடி போட வேண்டும், அது தனிக் கொடுமை.

இதெல்லாம் பாட்களோடு, அதாவது கணினியே ஆட்டும் எதிரிகளோடு, ஆடும்போது மட்டும். 2024 ஆகஸ்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம், ஆட்டக்காரனின் திறமைக்குப் பதிலாக ஸ்கிரிப்டோ மவுஸோ செய்யும் தானியங்கி வேலைகளுக்கு அதிகாரபூர்வ சர்வர்களில் தடை போட்டுவிட்டது. பிடிபட்டால் ஆட்டத்திலிருந்து தூக்கி வெளியே போடும். நியாயம்தான். எதிரில் நிற்பவன் மணிக்கணக்காகச் சுவரில் சுட்டுப் பழகியவன்.

மவுஸைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கிளிக் இன்னும் புதுசு போல இருக்கிறது, உள்ளங்கைக்குப் பாந்தமாக உட்காருகிறது, வீல் தடுமாறியதே இல்லை. இந்த விலைக்கு இதைவிட நல்லதை நான் தொட்டதில்லை.

இருந்தாலும் வாங்காதே தம்பி. என்னுடையதையும் கேட்காதே, தர மாட்டேன்.